கறிக்கடை மாடியில் பனியன்

கறிக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொல்லிப் பனியன் அச்சடித்தவர்கள் இந்த உலகத்திலேயே தாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும் என்று சின்னவள் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். நடந்து இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அவள் சின்னவள். அப்போது வயது இருபத்தாறு. பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் எழுத்து வெட்டும் வேலை. அந்த வருடம்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வீட்டுக்கு வந்தாள். அண்ணிக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. மருந்து வைத்துக் கட்டுவாள், ஊசி போடும்போது மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்வாள்.

வந்த இரண்டாம் நாள் காலையில் அம்மா டீ கொண்டுவந்து நீட்டினாள். அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எனக்குப் பால் வேண்டாம் அத்தை."

"ஏம்மா, ஒத்துக்காதா?"

"எனக்கு ஒத்துக்கும் அத்தை. கன்னுக்குட்டியை நினைச்சாத்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்கு நாள் யோசித்துவிட்டு மகனைப் பிடித்தாள். "என்னடா இது, பால் வேண்டாம், தயிர் வேண்டாம், தேன்கூட வேண்டாம்கிறா. இந்தப் பொண்ணுக்கு நான் எதைத்தான் பரிமாறறது?"

"என்னைக் கேக்காதம்மா. நானே என் தோல் செருப்பை வாசல்ல ஒளிச்சு வச்சுட்டுத்தான் உள்ள வரேன்" என்றான் அண்ணன்.

சின்னவளுக்கு அண்ணியை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. அண்ணி சண்டைக்காரி இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்ல ஆசை. கேட்கத்தான் ஆள் இல்லை. ஒருநாள், பாரம் ஏற்றி ஏற்றி முதுகுத் தோல் வழன்றுபோன ஒரு கிழ மாட்டுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் அரைக்கை வைத்த ஒரு வெள்ளைப் பனியனின் முதுகில் தடித்த பேனாவால் 'எனக்கும் ஒரே தோல்தான்' என்று எழுதிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் பூரித்திருந்தது.

"நான் வாயைத் தொறந்தா எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. முதுகைக் காட்டினா நின்னு படிக்கறாங்க" என்றாள்.

சின்னவள் அந்த முதுகை ஒரு பார்வை பார்த்தாள். "கருத்தெல்லாம் சரி அண்ணி. ஆனா எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு."

"நீ எதுக்கு இப்போ கோழியை வம்புக்கு இழுக்கற?"

இரண்டு பேரும் சிரித்த அந்தச் சிரிப்பில்தான் தொழில் தொடங்கியது.

வீட்டில் இடமில்லை. தேடி அலைந்ததில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கறிக்கடையின் மாடி அறை கிடைத்தது. கீழே அந்த வாடை என்பதால் யாரும் குடிவராமல் காலியாகவே கிடந்த அறை. அண்ணி படியில் கால் வைக்கும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொள்வாள், மேலே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் விடுவாள். மூன்று வருடமும் அப்படித்தான் ஏறினாள். அறையில் ஒரு நீளமான மேசை, சுவருக்குச் சுவர் நாலு கயிறு, தெருவைப் பார்த்த சின்ன பால்கனி. மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் மை இறங்கும்படி மற்ற இடத்தை அடைத்து, ரப்பர் கட்டையால் மையை இழுத்தால் கீழே விரித்த பனியனில் வரி பதியும். அடைப்பதற்கு ஒரு பசை மருந்து உண்டு. முதல் வாரமே அண்ணி அந்த டப்பாவைத் திருப்பிப் படித்தாள். எலும்பிலிருந்து காய்ச்சி எடுத்த பசை சேர்ந்தது.

"மாட்டெலும்பைத் தடவி மாட்டுக்காகப் பேசறதா? வேண்டவே வேண்டாம்."

"அப்போ எதால அடைக்கறது அண்ணி?"

"அது உன் பாடு."

அது சின்னவள் பாடாயிற்று. காகிதத்தில் எழுத்தை வெட்டி வலைக்கு அடியில் ஒட்டினாள். நம் எழுத்துகளில் சுழி அதிகம். சுழிக்குள் இருக்கும் துண்டு வெட்டியதும் உதிர்ந்துவிடும். மிளகளவு துண்டுகளை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டால் எல்லாம் பறந்துவிடும். வேர்க்க விறுவிறுக்க, மூச்சுகூட மெதுவாக விட்டுக்கொண்டு அவள் குனிந்திருந்த அந்த மதியங்களைப்போல் நிம்மதியான மதியங்கள் பிறகு அவளுக்கு வாய்க்கவேயில்லை.

இரண்டாவது மாதம், 'உயிர்களிடம் அன்பு கொள்' என்று நாற்பது பனியன் போட்டுக் காயவைத்திருந்தார்கள். காற்றுக்கு ஒன்று பறந்து கீழே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் கறிக்கடைக்காரர். ஐம்பதைத் தாண்டிய ஆள். முழங்கை வரைக்கும் கழுவிய ஈரம். பனியனை இரண்டு விரலால் நுனியில் பிடித்திருந்தார், கறை பட்டுவிடக் கூடாதே என்று.

"ஏம்மா, இது என் கடைக்கு விளம்பரமா?"

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது? நீங்கதான் சொல்லியிருக்கீங்க. அன்பு கொல்லுன்னு."

சின்னவள் எட்டிப் பார்த்தாள். நாற்பது பனியனிலும் ள் இருக்க வேண்டிய இடத்தில் ல் நின்றுகொண்டிருந்தது. 'உயிர்களிடம் அன்பு கொல்.' அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. வெட்டியவள் அவள்தான்.

கறிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "தூக்கிப் போட்டுடாதீங்க. அந்த ஒரு வார்த்தை மேல ஏதாவது படத்தைப் போட்டு மறைச்சுட்டு, கீழே சரியா அடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்படியே ஒரு பச்சை இலையைப் போட்டு மறைத்தார்கள். அவர்கள் கடை போடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்த இலைப் பனியனைத்தான் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அவர் ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்தியவர் என்று. அச்சகம் மூடியபோது மாமனார் கடை காத்திருந்தது; கத்தியைப் பிடித்துவிட்டார். மதியம் கடையைச் சாத்தும் நேரத்தில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மாடிக்கு வருவார். வாசல் நிலைக்கு வெளியிலேயே நிற்பார். சின்னவள் புது வரியைத் தூக்கிக் காட்டுவாள். ஒற்றுப் பிழை, புள்ளிப் பிழை, ஒன்று தப்பாது அவர் கண்ணுக்கு. "கன்றுக்கு தான் இல்லம்மா, கன்றுக்குத்தான். த் போடு" என்பார். அண்ணியை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அண்ணியோ அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் படி இறங்கிய பிறகு, "மேல வந்து த் போடறார், கீழ போய் வெட்டறார்" என்று முணுமுணுப்பாள்.

இரண்டரை வருடம் அப்படி ஓடியது. ஒருநாள் அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்த நேரம், அவர் மடித்த காகிதம் ஒன்றைச் சின்னவளிடம் நீட்டினார்.

"தோணிச்சு. புடிச்சா போடுங்க. இல்லேன்னா கிழிச்சுப் போடுங்க."

அச்சகத்துக் கையெழுத்து, உருண்டு திரண்டு இருந்தது. 'பெயரைக் கேட்டிருந்தால் விட்டிருப்பாய்.'

சின்னவள் அதை நாலு தடவை படித்தாள். மேலும் கேட்க வாய் எடுப்பதற்குள் அவர் போய்விட்டார். காதில் எண் குத்திய தகடு தொங்கும் ஓர் ஆட்டுக்குட்டியை வரைந்து, அதற்குக் கீழே அந்த வரியை வைத்து, அண்ணிக்குத் தெரியாமல் ஐம்பது பனியன் போட்டாள். தெரிந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று அவளுக்கு நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மதியத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓர் அம்மா பனியனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அண்ணி நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "எங்கிருந்துடி வந்துச்சு இந்த வரி? இத்தனை வருஷமா நான் சொல்லத் தெரியாம தவிச்சதை மூணே வார்த்தையில சொல்லிட்டியே!"

சின்னவள் உண்மையைச் சொல்லாமல், மேசை விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். அண்ணி அப்படிச் சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததே கிடையாது.

அண்ணி பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னாள். அம்மாவிடம் சொன்னாள், ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். சின்னவளையும் மேடையில் உட்காரவைத்து, "இதை எழுதினது என் நாத்தனார்" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். முன்னூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். சின்னவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கொட்டிவிட்டாள்.

"நான் எழுதல அண்ணி. அவர் எழுதினது."

"எவர்?"

"கீழ இருக்கறவர்."

அண்ணி விறுவிறுவென்று நடந்தாள். மாடிப்படியை நோக்கித்தான் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். படியைத் தாண்டி, அந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அண்ணி கறிக்கடைக்குள் நுழைந்தாள். மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான்கைந்து பேர் வாங்க நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பலகைக்கு முன்னால் போனாள்.

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "டாக்டரம்மா."

"நீங்கதான் எழுதினீங்களாமே."

"ஆமாம்மா."

"எழுதத் தெரிஞ்ச மனுஷன் எப்படி வெட்டறீங்க?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வாங்க வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சின்ன வயசுல ஒரு குட்டிக்குப் பேர் வச்சேன். அதோட சரி. அப்புறம் நான் பேர் கேக்கறதில்லம்மா. அதனாலதான் வெட்ட முடியுது."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து, மாடி ஏறி, சன்னலோரம் நின்றுகொண்டாள். சின்னவள் திட்டுக்காகக் காத்திருந்தாள். கடைசியில் அண்ணி சொன்னது இதுதான்: "அவர் எழுதினதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் போட விட்டிருக்க மாட்டேன். அது என் தப்பு. என்கிட்ட பொய் சொன்னது உன் தப்பு."

அந்த வரியை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வந்தால் ஒரு முக்காலியை வாசல் நிலைக்கு உள்ளே நகர்த்திப் போடுவாள். பேச்சு அதற்கு மேல் வளரவில்லை. ஆறு மாதத்தில் அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மேசையைக் கீழே இறக்க ஒரு பக்கம் பிடித்தவர் கறிக்கடைக்காரர்தான்.

இப்போது சின்னவள் ஒரு பெரிய ஆலையில் அச்சுப் பிரிவுக்குப் பொறுப்பு. இரக்கம் பேசும் பனியன்கள் அங்கே ஆயிரக்கணக்கில் அச்சாகின்றன. துணிக்கடைக்காரர்கள் வரியைக் கணினியில் அனுப்புகிறார்கள், இயந்திரம் நிமிஷத்துக்குப் பத்து இழுக்கிறது. எல்லாம் நல்ல வரிகள்தான். எழுதியவர் யார் என்று அவளுக்குத் தெரிவதில்லை. சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் விரல்கள் தாமாகவே இடுக்கி பிடிப்பதுபோல் குவியும். பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

போன மாதம் கறிக்கடைக்காரர் காலமானதாகத் தகவல் வந்தது. அண்ணி ரயிலேறி வந்தாள். தலை முழுக்க நரை. இரண்டு பேருமாகப் போனார்கள். அவர் வீட்டு வாசலில் யாரையும் தெரியாமல் தயங்கி நின்றபோது, உள்ளேயிருந்து அவர் மனைவி எழுந்து வந்தாள். இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாடியில இருந்தவங்கதானே? இதுல டாக்டரம்மா யாரு?"

அண்ணி கையைக் கூப்பினாள்.

"உள்ள வாங்க. உங்களைப் பத்தி நிறைய சொல்வாரு. நீங்க அன்னைக்குக் கடைக்குள்ள வந்து கேட்டீங்களாமே. அன்னைக்கு வந்து படுத்தவர்தான், ரெண்டு நாள் கடையைத் தெறக்கல. காய்ச்சல்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னார். காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல பாத்துட்டே படுத்துக் கெடந்தார்."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி நடக்கும்போது தெருவில் நல்ல வெயில். பஸ் நிறுத்தம் வந்ததும் அண்ணி கேட்டாள்.

"அத்தனை பேர் முன்னாடி நான் கேட்டிருக்கக் கூடாதோ?"

"கேட்டது சரிதான் அண்ணி."

"மூணாம் நாள் தெறந்துட்டாரே."

"ஆமா, தெறந்துட்டார். அவர் வீட்டுல மூணு பொண்ணுங்க, கரையேத்தணுமே."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் குட்டிக்கு என்ன பேர் வச்சார்னு கேக்கணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன்டி. கேக்கவே இல்ல பாரு" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. இருவரும் ஏறி ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.