முதலில் வர வேண்டிய மேசை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டுமே. வர வேண்டிய இடத்தில்தான் வருகிறது.

எங்கள் குடும்பக் கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்பா முதலாளி நாற்காலியில் தம்பியை உட்கார வைத்தார், வேலையை என் தலையில் கட்டினார். அதனால் எது எப்போது வர வேண்டும் என்று திட்டம் போட்டவள் நான்தான். எலெக்ட்ரீஷியன் தரையில் வயர் இழுத்து முடிக்காமல் கார்ப்பெட் ஒட்டக் கூடாது. கார்ப்பெட் ஒட்டாமல் மேசை உள்ளே வரக் கூடாது. நாற்காலி கடைசி.

ஆர்டர் கொடுப்பது மட்டும் தலைகீழ். செய்ய அதிக நாள் பிடிப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் முதலில் சொன்னது எங்கள் கடைக்குட்டியின் மேசையை. கம்பெனிக் கணக்கு முழுக்க அவள் பொறுப்பு. ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறாள். சாதாரண மேசையில் அதன் கைப்பிடி இடிக்கும். அடியில் இழுப்பறை இல்லாமல், உயரத்தை ஏற்றி இறக்குகிற மாதிரி அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

"அக்கா, திறப்பன்னிக்கே நான் என் சீட்ல இருக்கணும். எல்லாரும் செட்டில் ஆனப்புறம் ஒரு ஓரமா வந்து ஒட்டிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். இத்தனை மாதம் வீட்டில் அடைந்து கிடந்தவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

திறப்புக்கு முந்தைய வாரம் லாரி வந்தது. முதலில் இறங்கியது, ஆள் படுத்து உருளக்கூடிய மீட்டிங் மேசை. மேசைகளில் அதைத்தான் நான் கடைசியாகப் போட்டிருந்தேன். பின்னாலேயே மற்ற மேசை நாற்காலிகளும் இறங்கின. கடைக்குட்டியின் மேசை மட்டும் லாரியிலேயே இல்லை. ஃபேக்டரிக்காரருக்கு போன் போட்டேன்.

"மேடம், அதை நிறுத்தி வைக்கச் சொல்லி சார்தான் சொன்னாரு. அதுக்குப் பதிலா மீட்டிங் டேபிளை முன்னாடி செஞ்சோம். உங்களுக்குத் தெரியும்னாரே?"

ஆட்கள் முன்னால் தம்பியை 'சார்' என்று கூப்பிடுவது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"டேய், இங்க வாடா."

பொருத்த வந்த ஆட்கள் குனிந்து இல்லாத ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தார்கள்.

"அக்கா, மெதுவா. அந்த டேபிள் கொஞ்சம் தள்ளி வந்தா என்ன? அதுவரைக்கும் அவ வீட்ல இருந்தே கணக்கு பாக்கட்டும். அவளுக்கும் அலைச்சல் இல்ல."

"அவகிட்ட கேட்டியா?"

"திறப்புக்குப் பெரிய பெரிய கஸ்டமரெல்லாம் வர்றாங்க. உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படறது..." மீதியை மென்று விழுங்கினான்.

"சொல்லுடா. என்ன படும்?"

"எல்லாரும் பரிதாபமா பாப்பாங்கக்கா. அவளுக்குத்தான் சங்கடம்."

நல்ல சப்பைக்கட்டு! சங்கடம் அவளுக்கு இல்லை, இவனுக்கு. சின்ன வயதில் அவளை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கிக்கொண்டு திரிந்தவன், இப்போது அவளை வீட்டுக்குள் ஒளித்து வைக்கப் பார்க்கிறான். அழுகை வந்தது, கோபமும் வந்தது. அழுகையை மட்டும் அடக்கினேன்.

அந்த ஆட்களின் மேஸ்திரி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "மேடம், எதை முதல்ல ஃபிட் பண்றது?"

"எதையும் பண்ணாதீங்க. எல்லாத்தையும் திருப்பி லாரில ஏத்துங்க. என் தங்கச்சி டேபிள் வந்து இங்க நின்னப்புறம்தான் மத்தது உள்ள வரும்."

"அக்கா! அப்போ திறப்பு?"

"அது நடக்கும். வர்றவங்க நிக்கட்டும், நீயும் கூட நில்லு. அன்னிக்கு உக்காந்திருக்கப் போறவ அவ ஒருத்திதான். அவகிட்டதான் சொந்தமா சேர் இருக்கு."

தம்பி மேஸ்திரியைப் பார்த்தான். வேலை முடிந்ததும் பில்லில் கையெழுத்துப் போடுவது யார் என்று மேஸ்திரிக்குத் தெரியும். ஆட்களுக்குக் கை காட்டினார். முதலில் லாரி ஏறியது தம்பியின் சுழல் நாற்காலி. வெறும் கார்ப்பெட்டின் நடுவில், உட்கார ஒன்றும் இல்லாமல் அவன் நின்றுகொண்டிருந்தான்.