டீக்கடைக்காரருக்குப் பிடித்த பாட்டு

1987 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பேருந்துப் பணிமனையின் வண்டி கழுவும் கொட்டகையில் ஒரு டிரம் செட் இறக்கி வைக்கப்பட்டது.

அது தம்பியுடையது. அவன் முடிதிருத்தும் கடை நடத்துகிறான். கிதார் வாசிக்கும் அண்ணன் அதே பணிமனையில் மெக்கானிக். பேஸ் கிதாரும் பாடுவதும் அண்ணி. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். மூவரின் ராக் குழுவுக்குச் சொந்தமாகப் பத்துப் பாட்டுகள் இருந்தன. ஒன்பதுக்குக் கூட்டம் ஆடும். பத்தாவது தம்பி எழுதியது. மழை விட்ட தெருவைப் பற்றிய மெதுவான பாட்டு. அது தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்தப் பாட்டை மனதார விரும்பியவர் அரங்க வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஒருவர்தான். “யார் என்ன சொன்னாலும் அதை மட்டும் விட்டுடாதீங்க தம்பி. அந்த ஒரு பாட்டுக்கு அறுபது டீ போகுது” என்பார்.

அந்த வருடம் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைதோறும் அரைமணி நேரம் பாட்டு வீடியோக்கள் காட்டத் தொடங்கியிருந்தார்கள். ஊரிலிருந்த மற்ற ராக் குழுக்கள் ஒத்திகையைக் குறைத்துக்கொண்டு முடி வளர்க்க ஆரம்பித்தன. தம்பியின் கடையில் கூட்டம் குறைந்தது. நாமும் ஒரு வீடியோ அனுப்பலாம் என்று அண்ணன் சொன்னபோது, பத்தாவது பாட்டைத்தான் அனுப்ப வேண்டும் என்று அண்ணி பிடிவாதம் பிடித்தாள்.

“ஓடுற வண்டியை எதுக்குங்க தள்ளணும்? நிக்கிற வண்டியைத் தள்ளுங்க.”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். “சரி. ஆனா டிவியில வந்த பிறகும் ஜனங்க டீ குடிக்கப் போனாங்கன்னா, இந்தப் பாட்டை மூட்டை கட்டிடணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“போகமாட்டாங்க” என்றான் தம்பி.

படம் எடுக்க வந்தவர் கல்யாண வீடியோக்காரர். தாடி என்று பெயர். தாடியை மழித்து நான்கு வருடமாகியும் பெயர் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு சினிமாக் கேமராவும் ஒரே ஒரு பிலிம் சுருளும் வாங்கி வந்திருந்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக, மெதுவாக விழ வேண்டும் என்பது அவர் கனவு.

“மெதுவாத் தெரியணும்னா கேமரா ரெண்டு மடங்கு வேகமா ஓடணும். அப்போ பாட்டும் ரெண்டு மடங்கு வேகமா ஓடணும். நீங்களும் அதே வேகத்துல வாயசைக்கணும், வாசிக்கணும். டிவியில பார்க்கும்போது சரியா உட்கார்ந்துடும்” என்று இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த இரண்டு வாரமும் மூவரும் நாலு நிமிடப் பாட்டை இரண்டு நிமிடத்தில் வாசித்துப் பழகினார்கள். தம்பியின் கடைக்கு வந்தவர்களுக்கும் சீக்கிரம் வேலை முடிந்தது. அவர்களில் மூன்று பேருக்கு முடி தேவைக்கு மேலேயே போய்விட்டது.

கொட்டகையில் டேப் ஓடியது. அண்ணியின் குரல் அணில் கத்துவதுபோல் வந்தது. அவள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டாள். கழுவும் தொழிலாளர்கள் குழாய்களைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணி, இது சோகப் பாட்டு!”

“அழத்தான் பார்க்கறேன் தம்பி. அழறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடுது!”

“சிரிக்காதீங்க, சுருள்ல பாதி போச்சு” என்று தாடி கத்தினார். “இன்னும் ஒரு தடவைதான்.”

இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. குழாய்கள் ஆறும் திறக்கப்பட்டன. தம்பி அடித்த ஒவ்வொரு அடிக்கும் டிரம்மிலிருந்து தண்ணீர் எகிறியது. பாதிப் பாட்டில் தொழிலாளர்கள் கேமராவுக்குப் பின்னால் ஆடத் தொடங்கினார்கள். கழுவ வந்த பேருந்தின் ஓட்டுநர் இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார். தன் பாட்டுக்கு மனிதர்கள் ஆடுவதைத் தம்பி முதன்முறையாகப் பார்த்தான். ஆனாலும் டேப்பை நிறுத்தியதும், “இது படத்துக்காக. என் பாட்டு மெதுவானதுதான்” என்று ஞாபகப்படுத்தினான்.

வெள்ளிக்கிழமை அது ஒளிபரப்பானது. நீர்த்துளிகள் முத்து முத்தாக விழுந்தன. அண்ணியின் தலைமுடி ஒரு பெரிய அலை போல எழுந்து அடங்கியது. அண்ணன் வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாகத் தெரிந்ததில்லை. “யாருங்க இது?” என்று அண்ணி கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. அரங்கம் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் பணிமனைத் தொழிலாளர்கள் இருபது பேர். ஒன்பது பாட்டும் முடிந்தன. பத்தாவது தொடங்கியதும், டிவியில் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு காத்திருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. முடி அலை போல எழவில்லை. மூன்று பேர் நின்று மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் மனைவியும் எழுந்தாள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது.

அண்ணன் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. மூட்டை கட்டும் கயிறுதான் இருந்தது.

தம்பி ஒரு கணம் கைகளை நிறுத்தினான். குச்சிகளை நான்கு முறை தட்டினான், கழுவும் கொட்டகையின் வேகத்தில்.

தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் பேசுகிறவர்களை மூன்று நிமிடத்தில் பேச்சை முடிக்கச் சொல்லி, ஊரையே விரட்டிப் பழகியவள் அண்ணி. அடுத்த வரியைப் புது வேகத்தில் தன் சொந்தக் குரலில் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஒரு தாளம் தாமதமாக வந்து சேர்ந்தார். பின்வரிசையிலிருந்து “தண்ணியைத் திறங்கடா!” என்று ஒரு குரல் எழுந்தது. தொழிலாளர்கள் இருபது பேரும் நடைபாதைக்கு வந்து, இல்லாத குழாய்களைத் தூக்கிப் பிடித்து ஆடினார்கள். வாசல் வரை போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். மழை விட்ட தெருவில் எல்லாரும் ஓடுவதுபோல் இருந்தது பாட்டு. தம்பி அதை எழுதியபோது யோசித்த தெரு அது இல்லை. அவன் வாயெல்லாம் பல்லாக வாசித்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்ததும் மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் வாசித்தார்கள்.

அண்ணன் பாட்டுப் பட்டியலை எடுத்து, பத்தாவதாக இருந்ததை அடித்துவிட்டு முதலாவதாக எழுதினார்.

அன்று அந்தப் பாட்டின்போது ஒரு டீகூட விற்கவில்லை.