சின்ன மீனைப் போட்டு

விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து விளிம்போடு விளிம்பு சேர்க்க வேண்டும். அந்த வேலையில் பல வருஷமாக ஜோடி நெட்டையும் சிட்டும். ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம். கூடத்தில் வைத்த பெயர்களே நிலைத்துவிட்டன.

நெட்டை ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். சிட்டுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. நெட்டை கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைப் பார்ப்பதற்குள் சிட்டு ஒரு வாய் எடுத்துவிடுவாள். "உங்க சாமி பார்த்துட்டு சும்மாதான் இருந்தாரு" என்பாள்.

கட்டடம் கட்டும் இடத்தில் சாரம் சரிந்து சிட்டின் புருஷன் செத்துப்போனான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நெட்டையின் கால் சிட்டின் வீட்டுப் பக்கம்தான் போனது. சிட்டின் மகளுக்குத் தலைவாரி விட்டாள், துணி துவைத்தாள், தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோனாள். வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றாததால் பாத்திரம் தேய்த்தாள்.

நெட்டையின் அண்ணன் ஒருநாள், "நானும் வர்றேன், துக்கம் விசாரிக்கணும்ல" என்றான். அவன் சபையில் முன்வரிசை ஆள். நல்ல மனசோடுதான் வருகிறான் என்று நம்பி அழைத்துப் போனாள்.

அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அவன் குரல் கேட்டது.

"போனவர் ஆண்டவரை அறியாமலே போயிட்டாரும்மா. அதுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. நீங்களும் பிள்ளையுமாவது இப்பவே ஒரு முடிவுக்கு வந்துட்டா..."

ஈரக் கையோடு வெளியே வந்தாள். சிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவன் கொடுத்த சபைத் துண்டுப்பிரசுரம். முகத்தில் அசைவே இல்லை.

"அண்ணே, எந்திரி."

"பேசிட்டு இருக்கேன்ல."

"எந்திரின்னேன்."

சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டாள். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சவா வந்தே? செத்தவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியுமா? அவன் முகத்தையாவது பார்த்திருக்கியா?"

"உள்ளதைச் சொன்னேன். நீ இத்தனை வருஷமா கூட இருக்கே, ஒரு தடவையாவது அவகிட்ட ஆண்டவரைப் பத்திப் பேசியிருக்கியா? பாத்திரம் தேய்க்கிறதா ஆண்டவருக்குச் சாட்சி?"

அந்தக் கேள்வி நெஞ்சில் நறுக்கென்று தைத்தது. தைத்ததாலேயே கோபம் இரட்டித்தது.

"உள்ளே இன்னும் நிறையப் பாத்திரம் கிடக்கு. ஒண்ணைத் தேய்ச்சுட்டுப் பேசியிருந்தா உன் பேச்சு அவ காதுல ஏறியிருக்கும். போ."

திரும்பி வந்தபோது சிட்டு தூக்குச்சட்டியை வாசலில் வைத்திருந்தாள். மூடி திறக்கப்படவில்லை.

"எடுத்துட்டுப் போ. சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற வேலைன்னு இப்பதான் புரியுது."

நெட்டை வாய் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது.

சிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகும் பேச்சில்லை. மதியம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள்; நெட்டையும் விடவில்லை. ஒருநாள் அப்படி இழுத்ததில் துணி நடுவே டர்ரென்று கிழிந்தது. மேற்பார்வையாளர் வந்து இருவரையும் கழுவி ஊற்றிவிட்டுப் போனார்.

கிழிந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சிட்டு கேட்டாள்: "மழுப்பாம சொல்லு. என்னை உன் சபைக்கு இழுக்கத்தானே இத்தனையும் செஞ்சே?"

"நீயும் நம்பினா எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்." நெட்டை தன் கையிலிருந்த பாதியைக் கீழே வைத்தாள். "அதுக்காகச் சோறு கொண்டு வரலை. நீ சாகறவரைக்கும் நம்பாட்டியும் வருவேன். கதவைச் சாத்தினா வாசல்ல வெச்சுட்டுப் போவேன். என்னை ஆண்டவர் அப்படித்தான் பார்த்துக்கிட்டாரு. எனக்கு வேற மாதிரி தெரியாது."

சிட்டு கிழிந்த பாதியைச் சுருட்டிக் கூடையில் போட்டாள்.

"எனக்காக ஜெபம் பண்றியா?"

"இப்ப அவர்கூடச் சண்டைதான் போடறேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுல ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு கேக்கறேன்."

"அப்படியெல்லாம் கேக்கலாமா?"

"கேக்கலாம். அவரே மனுஷனா வந்தப்ப சிநேகிதன் கல்லறைக்கு முன்னால நின்னு அழுதவருதான்."

"என்ன பதில் சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அதான் விடாம கேக்கறேன்."

சிட்டு புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "என் பேரையும் சொல்லிக் கேளு. நல்லாக் கேளு."

பிறகு புது விரிப்பின் முனையை எடுத்து நீட்டினாள். "உங்க அண்ணனை வரச் சொல்லு. என் புருஷனைப் பத்தி முடிவு சொன்னாரே, அந்த மனுஷன் யாருன்னு கேட்டுட்டுப் போகட்டும்."

அண்ணன் முதலில் மாட்டேன் என்றான். நெட்டை பார்த்த பார்வையில் செருப்பை மாட்டினான்.

அந்தச் சாயங்காலம் சிட்டு அவனை உட்காரவைத்துப் பேசினாள். புருஷன் அவளோடு போட்ட சண்டைகள், மகளுக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காமல் கிடந்தது, கூட வேலை பார்த்தவனின் அம்மாவை முதுகில் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எல்லாம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, ஒவ்வொன்றையும் அவன் முகத்தில் அறைவது போலச் சொன்னாள். கடைசியில் அண்ணன் தலை குனிந்தான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"தெரியாததைப் பத்தி இனிமே எந்த வீட்டுலயும் பேசாதீங்க."

"பேசலைம்மா. மன்னிச்சுடுங்க."

சிட்டு மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.