பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா

டோனி கடைசியாகப் பேசியது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை, திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஸ்தனிஸ்லாஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ரோசரி மறுபடியும் வந்து அறை வாசலில் நின்றாள்.

"எம்பசிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"என்னன்னு கேக்கறது? புள்ள ரெண்டு நாளா பேசலன்னா? சிரிப்பாங்க ரோசரி."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவர் காலரை இழுத்து வைத்துத் தேய்த்தார். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அது அவரே சிரித்த சிரிப்பு. பல ஊர்த் தூதரகங்களில் உட்கார்ந்து அந்த மாதிரி போன்களை எடுத்தவர் அவர். மகன் பேசி ஒரு நாள் ஆகியிருக்காது, அதற்குள் அம்மா அழுதுகொண்டே கூப்பிடுவாள். ஆளை விட்டு விசாரித்தால் பையன் போர்த்திக்கொண்டு தூங்குவான், இல்லையென்றால் போனைத் தண்ணீரில் போட்டிருப்பான். "இவங்களுக்கெல்லாம் பொறுமைன்னா என்னன்னே தெரியாது" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இப்போது அதே வரிசையில் தானும் போய் நிற்பதா என்ற வீம்பு ஒரு பக்கம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். இதில் எது பெரிது என்று அவருக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் மனசில்லை.

டோனி போலந்தில் இருந்தான். திருச்சியில் எம்.ஏ. சேர்ந்தவனை, ஒரு வருஷம் அங்கே போய்ப் படித்துவிட்டு வருகிற பரிமாற்றத் திட்டத்தில் பிடித்துத் தள்ளியது இவர்தான். ஸ்தனிஸ்லாஸ் வெளியுறவுத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஏறவேண்டிய இடத்துக்கு வெகு கீழேயே ரிட்டயர் ஆனவர். சின்னச் சின்னப் பையன்கள் பரீட்சை எழுதிவிட்டு வந்து மேலதிகாரியாக உட்கார, அவர்களுக்கு எழுந்து நின்றே காலம் போயிற்று. தன் மகன் அந்த நாற்காலியில் உட்காரவேண்டும் என்று அவருக்கு ஆசை. அயல்நாட்டுப் படிப்பும் அயல் பாஷையும் கையில் இருந்தால் நல்லது என்று அவரே கணக்குப் போட்டார். "இங்க இல்லாத காலேஜா?" என்று ரோசரி எவ்வளவோ மன்றாடினாள். "போயிட்டு வரப்போறான், ரெண்டு செமஸ்டர்தானே" என்று சொல்லி அவள் வாயை அடைத்தார். அடுத்த மாதம் அவன் திரும்பி வருகிறான். அவன் அறைத் திரைச்சீலைகளை ரோசரி போன வாரமே துவைத்து மாட்டிவிட்டாள்.

அறையில் டோனியோடு தங்கியிருந்தவன் கோவிந்த், மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் மகன். ஞாயிற்றுக்கிழமை அவன் போனை எடுத்தான். "ஃப்ரெண்ட்ஸோட ஏரிக்குப் போயிருக்கான் அங்கிள், அங்க சிக்னல் இருக்காது, நாளைக்கு வந்துடுவான்" என்றான். திங்கள் மதியத்திலிருந்து கோவிந்தும் எடுக்கவில்லை. அதை ஸ்தனிஸ்லாஸ் ரோசரியிடம் சொல்லவில்லை. அவர் பார்த்த அத்தனை கேஸ்களிலும் முதலில் போனை எடுக்காமல் போவது நண்பர்கள்தான். விஷயம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், அதைத் தங்கள் வாயால் சொல்லும் தைரியம் அந்த வயதில் யாருக்கு இருக்கும்?

"நான் ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துடறேன். வந்து கேக்கறேன்" என்றார்.

"கேப்பீங்கல்ல?"

"கேக்கறேன்னு சொன்னேன்ல."

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்லூரியில் அவருக்குப் பேச்சு. அவர் வீடு இருக்கும் கே.கே. நகரில் அவருக்கு அம்பாசிடர் என்று பெயர். நான் அம்பாசிடர் இல்லை என்று ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தார், அப்புறம் மறுக்காமல் விட்டார், அப்புறம் அது பிடித்தும் போயிற்று. "அந்தக் காரைச் செய்யறதையே நிறுத்திட்டாங்க" என்று ரோசரி மட்டும் கிண்டல் செய்வாள். தூதரக வேலைக்குப் போவது எப்படி, வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிப்பது எப்படி என்று வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் நாலைந்து கல்லூரிகள் அவரைக் கூப்பிடும், பொன்னாடை போர்த்தும்.

வாசலிலேயே வேதவதி காத்திருந்தாள். வெளிநாட்டுக்கு மாணவர்களை அனுப்பும் வேலையைக் கல்லூரியில் கவனித்துக்கொள்ளும் பேராசிரியை.

"வாங்கோ சார். குழந்தைகள்லாம் அப்போலேர்ந்து காத்துண்டிருக்கா. பிள்ளை சௌக்கியமா இருக்காரோ?"

"நல்லா இருக்கான்மா."

அதோடு விட்டாளா? மேடையில் அவரை அறிமுகப்படுத்தும்போது, "சாரோட பிள்ளையே இப்போ போலந்துல வாசிச்சுண்டிருக்கார், உங்களுக்கெல்லாம் அவர்தான் உதாரணம்" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னாள். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. ஸ்தனிஸ்லாஸ் இரண்டு கையையும் கூப்பி எல்லாப் பக்கமும் கும்பிட்டார். சட்டைப் பையில் போன் சும்மா கிடந்தது.

பேச்சு தன்பாட்டுக்கு ஓடிற்று. எந்தப் பரீட்சை, என்ன வயசு, எந்த பாஷை என்று வாய் ஒப்பித்தது. முடித்துவிட்டுக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள், பேர் ஸ்ம்ருதி என்று சொன்னாள்.

"சார், இந்த வேலையில ரொம்ப கஷ்டமானது எது?"

இதற்கு அவரிடம் ஒரு தயார் பதில் உண்டு. விருந்தில் மந்திரிக்குக் காரக்குழம்பு கிடைக்காமல் அல்லாடிய கதை. எல்லா இடத்திலும் சிரிப்பு வாங்கும். இன்று அது வாய்க்கு வரவில்லை.

"போன் பண்றதும்மா" என்றார். "வேலைக்கோ படிப்புக்கோ வந்தவங்க அங்க தவறிப்போயிடுவாங்க. ஊர்ல இருக்கறவங்களுக்குச் சொல்லணும். தமிழ் தெரிஞ்ச ஆளுன்னு எங்கிட்டதான் வரும். துறையூர், முசிறி, லால்குடின்னு போட்டிருக்கேன். ஆரம்பத்துல ஒரு அம்மாகிட்ட எடுத்த எடுப்பிலேயே சொல்லிட்டேன். அவங்க வீட்ல தனியா இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்திலேர்ந்து சத்தமே வரல. எவ்வளவு நேரம் ஹலோ ஹலோன்னு கத்தியிருப்பேன், தெரியாது."

மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் நானே ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். முதல்ல பேர் கேக்கணும். ரெண்டாவது, உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேக்கணும். ஆள் இருந்தாத்தான் விஷயத்தைச் சொல்லணும். யாரும் இல்லைன்னா, யாரையாவது வரவழைங்க, ஒரு மணி நேரத்துல கூப்பிடறேன்னு சொல்லி வச்சிடணும். கூட வேலை பார்த்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. இப்ப நிறைய எம்பசில அப்படித்தான் கேக்கறாங்க."

"பொய் சொல்லிட்டா சார்? ஆள் இல்லாமயே இருக்குன்னு?" என்று அந்தப் பெண்ணே கேட்டாள்.

"அதைவிட வேடிக்கை உண்டு. துறையூர்ல ஒருத்தர். பின்னாடி வீடு நிறைய ஆளுங்க பேசற சத்தம் எனக்குக் கேக்குது. அவரானா, யாரும் இல்லைங்கன்னு சொல்றார். திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரும் இல்லைங்க."

யாரோ ஒரு பையன் சிரித்தான், வேதவதி திரும்பி முறைத்தாள்.

"ஏன் சார் அப்படிச் சொன்னார்?" என்றாள் ஸ்ம்ருதி.

"தெரியலம்மா. எனக்கு அப்ப கோபந்தான் வந்தது."

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம், மேடையில் சொல்கிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டார். பல நேரம் இந்த போன்களை அவர் குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்துதான் செய்வார். "பக்கத்துல யாராவது இருக்காங்களா" என்ற கேள்வி காதில் விழுந்தால் போதும், சமையலறையில் ரோசரி அடுப்பை அணைத்துவிடுவாள். பால் பாதியில் நிற்கும், தோசை வேகாமல் கிடக்கும். அவர் போனை வைக்கும்வரை மறுபடி பற்றவைக்க மாட்டாள். யாரோ ஒருத்தி வீட்டில் அடுப்பு அணைகிற நேரத்தில் நம் வீட்டில் எரியக் கூடாது என்பாள். பைத்தியக்காரத்தனம் என்று அவர் எத்தனையோ முறை கடிந்துகொண்டார். அவள் கேட்டதில்லை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன, பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். படித்துறையில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் பார்க்கவில்லை. ஏரி என்று கோவிந்த் சொன்னதிலிருந்து தண்ணீர் என்றாலே அவருக்கு ஆகவில்லை.

கோவிந்துக்கு மறுபடி போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. வாட்ஸாப்பைத் திறந்தால் பையன் ஆன்லைனில் இருந்தான். 'டோனி வந்துட்டானாப்பா? ஒரு வார்த்தை சொல்லு போதும்' என்று எழுதி அனுப்பினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு டிக்கும் நீலமாயின. அந்தப் பக்கம் ஏதோ எழுத ஆரம்பிப்பது தெரிந்தது. நின்றது. மறுபடி ஆரம்பித்து மறுபடி நின்றது. பிறகு கோவிந்த் ஆன்லைனில் இல்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கே.கே. நகர் பஸ்ஸுக்கு நின்றார் ஸ்தனிஸ்லாஸ். தான் ஏறியது எந்த பஸ், டிக்கெட் யார் வாங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. ஒன்று மட்டும் தெரிந்தது. போன் இனி நாம் போட வேண்டாம், அதுவே வரும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரோசரி முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா?"

"அங்க ஆபீஸ் இப்பத்தான் தொறந்திருப்பாங்க. சாப்பிட்டுட்டுக் கேக்கறேன்."

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு அவள் விரதம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர், அவர் பெயரைத்தான் டோனி என்று சுருக்கிப் பிள்ளைக்கு வைத்திருந்தாள். படத்துக்கு முன்னால் காலையில் ஏற்றிய மெழுகுவர்த்தி கரைந்து தட்டோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்குப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள். தட்டில் சோறும் சாம்பாரும் வைத்துவிட்டு, "அப்பளம் பொரிச்சு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

அவர் கையை நனைத்தார். அப்போது போன் வந்தது. போலந்து நம்பர்.

"ஹலோ."

"வணக்கம் சார். இந்தியன் எம்பசிலேர்ந்து கமலினி பேசறேன். டோனி ஸ்தனிஸ்லாஸோட அப்பாங்களா?"

சின்னப் பெண் குரல். நல்ல தமிழ். தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

"ஆமாம்மா."

அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அந்த மூச்சை அவருக்குத் தெரியும். கர்த்தரே, வேண்டாம். வேறு எதையாவது கேட்கச் சொல்லு. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, போலீஸ் பிடித்துவிட்டது, எதுவானாலும் சரி.

"சார், உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

உள்ளே எண்ணெய் சளசளத்தது. கதவு வழியாக ரோசரியின் முதுகு தெரிந்தது, அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பசியோடு நிற்கிறாள். ஒரு மணி நேரம் கிடைத்தால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவாள். ஒரு மணி நேரத்துக்கு அவளுக்குப் பிள்ளை இருப்பான், துவைத்த திரைச்சீலைக்குப் பின்னால் வந்து படுக்கப்போகிற பிள்ளை. துறையூர்க்காரரே, என்னை மன்னிச்சுடுங்கய்யா.

"இல்லம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ். குரல் ஆடாமல் பார்த்துக்கொண்டார், அதெல்லாம் பழகிய வேலை. "இங்க யாரும் இல்ல."

"சரிங்க சார். பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிட முடியுமா? நான் ஒரு மணி நேரம் கழிச்சு..."

எண்ணெய்ச் சத்தம் நின்றிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தார். அப்பளம் பாதி பொரிந்தபடி வாணலியில் கிடந்தது, ரோசரியின் கை அடுப்புத் திருகின்மேல் இருந்தது. கேள்வி அவள் காதில் விழவில்லை. இத்தனை வருஷமும் கேள்வியை மட்டுமே கேட்டுக் கேட்டு நின்றவள், இன்றைக்குப் பதிலை மட்டும் கேட்டுவிட்டாள்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனைப் பிடித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் விடமாட்டேன் என்று தலையை ஆட்டினார், குழந்தை மாதிரி ஆட்டினார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அவருக்குப் பக்கத்துல நான் இருக்கேன்மா, டோனியோட அம்மா" என்றாள் ரோசரி. "சொல்லுங்க."