தேதி திருத்தும் கவுன்ட்டர்

கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் ‘பட்டியல்’. லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகைக் கழற்றினாலும் காகிதத்தில் குறித்துவிட்டுத்தான் கழற்றுவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே குளறுபடி நடந்தால் சும்மா இருப்பானா? மூன்று நாளாக மனைவியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். மகளைப் பள்ளியில் சேர்க்கப் பெற்றோர் இருவரின் நுழைவுப் பதிவும் வேண்டும் என்றார்கள். எடுத்துப் பார்த்தால், அவனும் மகளும் இந்த நாட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம். மனைவி வெள்ளிக்கிழமை வரைதான். விசா என்னவோ மூவருக்கும் ஒன்றுதான். அவளுடைய விசா மட்டும், புது பாஸ்போர்ட் எடுத்த பிறகும், பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது. விமான நிலையத்தில் பதிந்த ஆள், அந்தப் பழைய பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைப் போட்டுத் தொலைத்திருக்கிறார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் டோக்கன் தீர்ந்துபோனது. இன்று வெள்ளி. கவுன்ட்டர் பன்னிரண்டுக்கு மூடிவிடும். திருத்தாவிட்டால் இன்றைக்கே அவள் பெட்டியைக் கட்ட வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்கு வேலைக்கு ஓடுகிறவன், நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

கையில் அறுபத்து நாலு. பலகையில் ஐம்பத்தொன்று. மணி பத்தரை.

உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், ஃபைலைத் திறந்து மூடினான். எதிரே இருந்த பெரியவர் இவனுக்கு வழிவிடக் காலை மடக்கி மடக்கி அலுத்துப்போய், “தம்பி, ஒரு இடத்துல நில்லுப்பா, எனக்குத் தலை சுத்துது” என்றார்.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். “ரெண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கட்டி வைன்னு எத்தனை தடவை சொன்னேன்? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?”

“கட்டித்தான் வெச்சேன்” என்றாள் அவள். மூன்று நாளாக அதே இரண்டு சொல்தான்.

“கட்டி வெச்சது காத்துல பறந்துடுச்சாக்கும்! நான் பேசிக்கிறேன். நாங்க ரெண்டையும்தான் குடுத்தோம், உங்க ஆளு பார்க்கலன்னு அடிச்சுச் சொல்லிடுறேன். நீ வாயைத் திறக்காத.”

அவள் மகளின் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினொன்று நாற்பது. அறுபத்திரண்டு. மனைவியின் மடியில் இருந்த மகள் தலையை ஆட்டி ஆட்டி முடியைக் கலைத்துக்கொண்டாள். “இந்தக் கழுதைக்குக் கட்டி விடுங்க” என்று மனைவி பிள்ளையை அவனிடம் தள்ளினாள்.

முடியில் தொங்கிய ரப்பர் பேண்டை உருவினான். தடித்த நீல ரப்பர். கடையில் வாங்கியதல்ல, அவன் கம்பெனியில் வேலைச் சீட்டுகளைக் கட்டுவது. இது பிள்ளை தலைக்கு எப்படி வந்தது?

வந்த வழி பொட்டில் அடித்தாற்போல் தெரிந்தது. விமான நிலைய வரிசை. முடி கண்ணில் விழுந்து பிள்ளை ஊரைக் கூட்டி அழுகிறாள். அவன்தான் பாஸ்போர்ட் கட்டிலிருந்து ரப்பரை உருவித் தலையில் மாட்டினான். பிரிந்த கட்டிலிருந்து புதியதைச் சட்டைப்பைக்குள் செருகினான். பழையதை மட்டும் நீட்டினான். மகளுக்கு அந்த நீலம் பிடித்துப்போய், அன்றிலிருந்து கழற்றவே விடுவதில்லை.

ரப்பரை மனைவி முன் நீட்டினான். “உனக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? திட்டத்தானே செஞ்சீங்க.”

அதற்குள் அறுபத்து நாலு மின்னியது.

கவுன்ட்டரில் இருந்த அம்மா இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினார். பின்னால் காவலாளி மூடத் தயாராகக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். “வரும்போது புதுசையும் காட்டினீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. காலையிலிருந்து மனப்பாடம் செய்த வார்த்தை. பிள்ளை கையில் நீல ரப்பரை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

“இல்லைங்க” என்றான். “என் சட்டைப்பையில இருந்துச்சு. நான்தான் குடுக்கல. இவ மேல எந்தத் தப்பும் இல்ல. இவளை அனுப்பிடாதீங்க.”

அந்த அம்மா காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதினொன்று ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. மனைவியின் விரல்களைப் பிடித்துக்கொண்டான். அவை சில்லிட்டிருந்தன. மூன்று நாளாக அவளும் பயந்துதான் போயிருக்கிறாள், அவன்தான் பார்க்கவில்லை.

அந்த அம்மா திரும்பி வந்து பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை விரித்துக் காட்டினார். குறுக்கே ரத்து முத்திரை, மூலை வெட்டப்பட்டிருந்தது. “புதுசைக் காட்டாதது உங்க தப்பு. ஆனா ரத்தான புத்தகத்தைப் பார்த்துத் தேதி போட்டது எங்க ஆளோட தப்பு. எங்க தப்பைத்தான் இங்க திருத்துவோம். திருத்தியாச்சு.”

இரண்டு வருடம். தாளை மூன்று தடவை படித்தான். உயிர் போய்த் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும், வழக்கம்போல் அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“என்னை மன்னிச்சுடு” என்றான்.

“இந்தத் தேதியைத் திருத்த ஒரு கவுன்ட்டர் இருந்துச்சு. மூணு நாள் திட்டினதுக்கு எந்தக் கவுன்ட்டர்ல போய் நிக்கப் போறீங்க?”

அவள் மகளிடம் கெஞ்சி நீல ரப்பரை வாங்கினாள். பாஸ்போர்ட்டுகளை ஒன்றாக அடுக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.