அம்மனிடம் கேட்ட கல்லூரி

எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை எடுப்பது நானும் இல்லை, லோரி ஓட்டும் என் கணவர் பழனியப்பனும் இல்லை. மலேசியாவில் நாங்கள் இருக்கும் காப்பார் ஊரின் மாரியம்மன்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மோட்டார்சைக்கிள் வாங்கியது அப்படி. வீட்டுச் சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்ததும் அப்படித்தான். அந்தப் பச்சையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆனால் பூ சொன்ன பிறகு அவரிடம் யார் பேச்சும் எடுபடாது.

1986-இல் என் படிப்பும் பூவுக்குப் போனது.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் கிராணி, கணக்கெழுதும் வேலை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் முடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பட்டம் வாங்கி இடைநிலைப் பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கவே இல்லை. வேலையை விடாமல் படிக்க இரண்டு வழிகள் தென்பட்டன. ஒன்று, பினாங்குப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்பு. விளக்கத்தாளைப் பார்த்தால் மளிகைக் கடை ரசீது மாதிரி இருக்கும். ஐந்து வருஷம் ஆகும், பரீட்சை உண்டு, வருஷத்துக்கு மூன்று வாரம் அங்கே போய்த் தங்க வேண்டும். ஆனால் கட்டணத்தை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். மற்றது, லண்டன் பெயர் போட்ட ஒரு தபால் கல்லூரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் அதற்கு ஆபீஸ். பதினைந்தே மாதம், பரீட்சையே கிடையாது, இரண்டாயிரம் வெள்ளியை முதலிலேயே கட்டிவிட வேண்டும். அதன் விளக்கப் புத்தகத்தின் வழவழப்பான அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்க முத்திரை.

அந்த முத்திரையில் மயங்கியவர் என் வீட்டுக்காரர். அந்தப் புத்தகத்தை லோரியில் வைத்துக்கொண்டு காப்பார் முழுக்கக் காட்டினார். "என் பொண்டாட்டி லண்டன் காலேஜ்ல படிக்கப் போறா லா!" என்று காப்பிக்கடையில் நாலு பேருக்குத் தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளித் தோழி குணபூசணி கோலாலம்பூரில் அரசாங்க இலாகா ஒன்றில் வேலை செய்தாள். அவளுக்குப் போன் செய்தேன்.

"சீதா, அந்தக் காலேஜ் பேரே லிஸ்ட்ல இல்ல. கவர்மென்ட் அங்கீகாரம் இல்லாத பட்டத்த வச்சு என்ன பண்ணுவ? சுவத்துல மாட்டலாம், வேலை கிடைக்காது. பினாங்குக்கு அங்கீகாரம் இருக்கு. விண்ணப்பப் பாரம் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்" என்றாள்.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"செவ்வாக்கிழமை அம்மாகிட்ட பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா லண்டன், சிவப்பு வந்தா பினாங்கு."

கோபம் தலைக்கேறியது. பன்னிரண்டு வருஷ ஆசையை ஒரு பூவை நம்பி விடுவதா? அம்மன் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் பச்சைச் சுவரை எப்படி மறப்பேன்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொல்லையில் இரண்டு சிவப்புச் செம்பருத்தி பறித்து, இரண்டு பொட்டலத்திலும் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினேன். 'தாயே, கோவிச்சுக்காதே, ஒரு தேங்காய் உடைச்சுடறேன்' என்று மனதுக்குள் பேரம் பேசினேன். மகள் ரமணிக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் அவர் பூசைக்கூடையைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் போய்விட்டார்.

கோயிலில் பூசாரி சின்னையா பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். ரமணிக்கு ஆறு வயது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"ஆத்தா சொல்லிட்டா! பினாங்குதான்!" என்று அவர் கோயிலே அதிரக் கத்தினார்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்தப் பூவிலேயே நின்றது. நான் வைத்தது செம்பருத்தி. என் மகள் கையில் இருந்தது ரோஜா.

எட்டி அடுத்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு ரோஜா.

பூசாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இன்னிக்கு ஆத்தாவுக்கு வேலையே வைக்கல போல" என்றார்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "என் செம்பருத்தி எங்க?"

"எந்தச் செம்பருத்தி?"

தன் பொட்டலங்களை மாற்றி வைத்துவிட்டு லோரிக்குள் போட்டிருந்த என்னுடையவற்றை எடுத்து அவரே பிரித்தார். இரண்டிலும் சிவப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

"நீ சொன்ன மறுநாளே பிரிக்பீல்ட்ஸ்ல சாமான் எறக்கிட்டு அந்த மாடிக்குப் போனேன். கவர்மென்ட் லெட்டர் காட்டு boss-னு கேட்டேன். அந்த ஆளு முத்திரையத்தான் திருப்பித் திருப்பிக் காட்டினான்."

"அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"காப்பார் பூரா லண்டன் லண்டன்னு சொல்லி வச்சிட்டேனே! நானா மாத்திப் பேசினா சிரிப்பானுங்க. ஆத்தா சொன்னா எவன் கேக்கப் போறான்?"

"நான் பினாங்குல தங்குற அந்த மூணு வாரம்?"

"லீவு சொல்லிட்டேன். சோறு வடிப்பேன், முட்டை பொரிப்பேன். ரமணிக்குத் தலை பின்னத்தான் பழகிக்கணும்."

அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தில் பச்சைச் சுவரையே மன்னித்துவிட்டேன்.

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். பினாங்குப் பல்கலைக்கழகத்தின் பாரம். என் பெயர், அடையாளக்கார்டு எண், முகவரி எல்லாம் அவருடைய கோணல் எழுத்தில் நிரப்பியிருந்தது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. என்ன பாடம் படிக்க விருப்பம் என்று கேட்கிற கட்டம்.

"இத ஏன் விட்டுட்டீங்க?"

"அத நான் எப்படி எழுதுறது? அதுக்குப் பூவும் கட்டக் கூடாது. படிக்கப்போறது நீ, நீயே எழுது."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, லோரிக் கதவில் வைத்து, வரலாறு என்று நிரப்பினேன். எங்கள் வீட்டில் நானே எடுத்த முதல் பெரிய முடிவு அதுதான். பிறகு இருவரும் திரும்ப உள்ளே போய் அம்மனுக்கு ஆளுக்கொரு தேங்காய் உடைத்தோம்.