நெஞ்சில் எழுத முடியாத பேர்

மெலிண்டா, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் டெலிபோன் வேலையை விட்டுவிட்டு விசிட்டிங் கார்டு அடித்தபோது, அதில் ‘விளையாட்டு ஸ்பான்சர்ஷிப் ஆலோசகர்’ என்று போட்டுக்கொண்டாள். புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் அம்மா பெட்ரீசியா இரண்டு மாதம் திண்டாடினார். கடைசியில், “மக இப்ப ஸ்போர்ட்ஸ் லைன்ல இருக்கு” என்று சொல்லப் பழகிக்கொண்டார். அதைக் கேட்ட சர்ச் அக்கா ஒருத்தி தன் மகனுக்கு நீச்சல் சொல்லித்தர முடியுமா என்று வந்து நின்றாள்.

மெலிண்டாவுக்கு நீச்சல் தெரியாது. ஓடவும் பிடிக்காது. எந்தத் திடலுக்குப் போனாலும் பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். கம்பிவேலி எவ்வளவு தூரம் காலியாகக் கிடக்கிறது, அதில் எத்தனை பேனர் கட்டலாம் என்றுதான் அவள் கண் போகும். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும் என்று அவள் நம்பினாள். ஊர் இன்னும் நம்பவில்லை. எட்டு மாதத்தில் அவள் பிடித்த ஸ்பான்சர்கள் இரண்டே பேர். ஒரு கச்சான் பூத்தே வியாபாரி நான்கு மூட்டை கடலை கொடுத்தார். ஜெலாப்பாங்கில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் இருபது நாள்காட்டி கொடுத்தார். அவை போன வருஷத்து நாள்காட்டிகள்.

அந்த நேரத்தில்தான் தர்மேந்திரன் கையில் ஒரு போட்டி இருப்பது தெரிந்தது. தர்மேந்திரன் சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டுகிறவர், வயது நாற்பத்தேழு. நாற்பதைத் தாண்டியவர்களுக்காக வருஷா வருஷம் ஒரு காற்பந்துக் கிண்ணம் நடத்துவார். எட்டுக் குழுக்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடுகள் வரிசை கட்டிய தாமானாகவும் மாறிப்போய் ரொம்ப நாளாகிவிட்டாலும், குழுக்கள் மட்டும் அந்தந்தத் தோட்டத்துப் பெயரிலேயே ஆடும். மெலிண்டா அவரைத் தேநீர்க் கடையில் பிடித்து, முதன்மை ஸ்பான்சரைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னாள்.

“புடிச்சிட்டு வா லா,” என்றார் தர்மேந்திரன். “ஆனா ஜெர்சியில பேரு நெஞ்சுல பெருசா நிக்கிற மாதிரி ஆளா பாரு. கடலை கிடலைன்னு வந்துராதே.”

மெலிண்டா நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு புரோப்போசல் செய்தாள். வட்டம் வட்டமாகப் படங்கள், அம்புக்குறிகள், ‘பார்வையாளர் பயணம்’ என்று ஒரு பக்கம். அதைத் தூக்கிக்கொண்டு கோலா கங்சார் வரை அலைந்தாள். டயர் கடைக்காரர் மூன்றாம் பக்கத்தில் போன் வந்து எழுந்து போனவர் திரும்பவே இல்லை. மேசை நாற்காலி விற்கும் முதலாளி ஒருவர் அவள் குரலைக் கேட்டதுமே, “நீ அந்த இன்சூரன்ஸ் பொண்ணுதானே?” என்று கதவைச் சாத்தினார்.

மூன்றாவது வாரம் அவளுக்கே ஒரு போன் வந்தது.

“ஸ்பான்சர் தேடுற தங்கச்சிதானே? நான் ஐயாவு பேசுறேன். ஐயாவு அண்ட் சன்ஸ், சுங்கை சிப்புட். ‘கடைசி வரை உங்களோடு’ன்னு போர்டு பாத்திருப்பியே?”

மெலிண்டா பார்த்ததில்லை. ஆனால் அந்த வாசகம் அவளை அப்படியே தூக்கிவிட்டது. கடைசி வரை உங்களோடு! விசில் ஊதும்வரை கூடவே நிற்கிற கம்பெனி! ஜெர்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? பஸ் கம்பெனியாக இருக்கும், இல்லாவிட்டால் கூட்டுறவு வங்கியாக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே காரை ஓட்டினாள்.

கடைக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் சவப்பெட்டிகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஐயாவு அதற்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மைலோ கலக்கி வைத்துவிட்டார். அறுபதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஒன்று விடாமல் கேட்ட முதல் மனிதர் அவர்தான். ‘பார்வையாளர் பயணம்’ வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இது எங்க போய் முடியுது?” என்றுகூடக் கேட்டார். முடிந்ததும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மெலிண்டா வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். யார் ஸ்பான்சர் என்று மட்டும் சொல்லவில்லை.

தர்மேந்திரனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்தார்.

“அலாமாக்! உனக்கு என்னா பைத்தியமா? எங்க டீம்ல ரெண்டு பேருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அதுக்கு மேல ‘கடைசி வரை உங்களோடு’ன்னு எழுதச் சொல்றியா?”

“அண்ணே, நீங்கதான் பேரு நெஞ்சுல நிக்கணும்னீங்க.”

“நெஞ்சுல நிக்கணும்னேன் லா, நெஞ்சே நின்னுரணும்னா சொன்னேன்? நான் அதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கேட்டைத் தொறப்பாளா? முடியாது, மெலிண்டா. மத்த ஏழு டீமும் வரமாட்டான்.”

மறுநாள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க மெலிண்டா மறுபடியும் சுங்கை சிப்புட் போனாள். வழியில் நாலைந்து நாசூக்கான காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். காகிதத்தை மட்டும் ஐயாவுவின் முன்னால் வைத்தாள்.

“ஜெர்சியில போட மாட்டேன்னுட்டானுங்களா?” என்று அவரே கேட்டார். கோபம் இல்லை. “நானா இருந்தாலும் போட மாட்டேன்.”

“அப்புறம் ஏன் அங்கிள் கையெழுத்துப் போட்டீங்க?”

அவர் பெட்டி ஒன்றின் மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “இந்த ஊர்ல என்னைத் தெரியாத ஆளு இல்ல. எல்லாரும் மரியாதையாத்தான் பேசுவாங்க. கல்யாணப் பத்திரிகையும் வீடு தேடி வந்து வப்பாங்க. வச்சிட்டு, ‘உங்களுக்கு வேலை இருக்கும், வர முடியலைன்னாலும் பரவால்ல அண்ணே’ன்னு சொல்லிட்டுப் போவாங்க. முப்பத்திரண்டு வருஷமா எல்லாப் பத்திரிகைக்கும் வேலை இருந்துக்கிட்டே இருக்கு எனக்கு. நாலு பேரு சந்தோஷமா கத்துற இடத்துல ஒரு நாள் முன்னால உக்காரணும்னு தோணுச்சு. காசு குடுத்தா உக்கார விடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்.”

மெலிண்டா கையிலிருந்த புரோப்போசலைப் புரட்டினாள். நாற்பத்திரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை எந்த முதலாளியிடமும் கேட்டதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று இவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து, புரோப்போசலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப்போட்டுக் கையால் எழுதினாள். ஜெர்சியில் பெயர் வேண்டாம். முன்வரிசை நடு நாற்காலி. இறுதி ஆட்டத்தில் முதல் பந்தை ஐயாவு உதைப்பார். கிண்ணத்தையும் அவரே கொடுப்பார்.

ஐயாவு வாசித்துவிட்டு, “நல்லா இருக்கு. நானும் ஒண்ணு குடுக்கணும் லா. அடிபட்டா ஆளைத் தூக்கிட்டுப் போக வண்டி இருக்கா?” என்றார்.

“ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கு, அங்கிள்.”

“சரி. வரலைன்னா சொல்லு.”

ஆம்புலன்ஸ் வரவில்லை. இறுதி ஆட்டத்தன்று காலையில், பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. வண்டி ஒன்று தயாராக நிற்காவிட்டால் திடலைத் தரமாட்டோம் என்பது திடல்காரர்களின் விதி. மெலிண்டா வேறு வழி இல்லாமல் ஐயாவுவுக்குப் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் அவருடைய வெள்ளை வேன் வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றது. கூரைமேல் இருக்கும் பூச்சட்டத்தைக் கழற்றியிருந்தார். பக்கவாட்டில் இருந்த கம்பெனிப் பெயரின்மேல் கச்சான் பூத்தே பேனரைக் கட்டியிருந்தார்.

“இப்ப சாதா வேன்தானே?” என்றார் ஐயாவு பெருமையாக. “ஏர்கோன் நல்லா சில்லுன்னு இருக்கும்.”

திடலில் இருந்த முந்நூறு பேருக்கும் அது எந்த வேன் என்று தெரிந்திருந்தது.

நாற்பதைத் தாண்டியவர்களின் காற்பந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பாதி நேரம் ஆட்டம், பாதி நேரம் படுக்கை. ஒருத்தன் லேசாகத் தோளில் பட்டாலும் மற்றவன் புல்லில் நாலு உருட்டு உருளுவான். அந்தச் சாக்கில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இந்தக் கலையில் தர்மேந்திரனை மிஞ்ச ஆள் கிடையாது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு “ஐயோ” என்று அலறி விழுந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

மெலிண்டா பயந்துபோய் வேனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். வேன் பின்கதவைத் திறந்துகொண்டு, ரிவர்ஸில் பீப் பீப் என்று திடலுக்குள் வந்தது. பழக்கதோஷம், மெதுவாகவே வந்தது.

சத்தம் கேட்டுத் தர்மேந்திரன் ஒரு கண்ணைத் திறந்தார். அடுத்த நொடி அவர் நடுக்கோட்டில் இருந்தார். எப்படிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“சரியாப் போச்சு! எனக்குச் சரியாப் போச்சு!” என்று கத்திக்கொண்டே பந்தைத் துரத்தினார்.

அதற்குப் பிறகு யாரும் படுக்கவில்லை. தடுக்கி விழுந்தவர்கள்கூடத் தரையைத் தொட்டதும் ஸ்பிரிங் மாதிரி எழுந்தார்கள். பதினோரு வருஷத்தில் ஆட்டம் நேரத்துக்கு முடிந்தது அன்றைக்குத்தான் என்று நடுவர் சொன்னார்.

ஒருவருக்கு மட்டும் நிஜமாகவே அடிபட்டது. ஜெயபாலன் என்ற தற்காப்பு ஆட்டக்காரருக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. நடக்க முடியவில்லை. வேனில் ஏற்றப் போனால், “படுக்க மாட்டேன், செத்தாலும் படுக்க மாட்டேன்!” என்று அடம்பிடித்தார். கடைசியில் டிரைவர் பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கையை ஆட்டிக்கொண்டே கிளினிக்குக்குப் போனார். மருந்துக்கடை வாசலில் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துப் பதறி நின்றதாகப் பிறகு சொன்னார்.

ஆட்டம் முழுக்க ஐயாவு முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். முதலில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் எழுந்து நின்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பரிசளிப்பில் அவர் பேச வேண்டும். மெலிண்டா நாலு வரி எழுதிக் கொடுத்து, “அங்கிள், ‘உங்களையெல்லாம் சீக்கிரம் மறுபடியும் சந்திக்கிறேன்’னு மட்டும் சொல்லிராதீங்க” என்று கெஞ்சியிருந்தாள். ஐயாவு மைக்கைப் பிடித்தார். காகிதத்தைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

“தர்மேந்திரா, நீ அடிச்ச ரெண்டாவது கோல் ஆஃப்சைட் லா,” என்றார். “நான் நேரா பாத்தேன். எனக்கு நடு நாற்காலி.”

 தோற்ற குழு கைதட்டியது. தர்மேந்திரன் மேடைக்கே ஏறிவந்து வாதாடினார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு விரலை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். சவ வண்டிக்காரரோடு மேடையில் தோளோடு தோள் உரசி நிற்கிறோம் என்பதைத் தர்மேந்திரன் மறந்தே போனார்.

புகைப்படம் எடுக்கும்போதுதான் எல்லோருக்கும் அது நினைவு வந்தது. வரிசை கலைந்து கூடி நின்றபோது ஐயாவுவின் இடதுபக்கம் மட்டும் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மெலிண்டா அங்கே போய் நிற்கலாம் என்று அடியெடுத்து வைத்தாள். அதற்குள் கிளினிக்கிலிருந்து திரும்பிய ஜெயபாலன் கட்டுப்போட்ட காலோடு நொண்டியடித்து வந்து, “அண்ணே, கொஞ்சம் புடிச்சிக்குங்க, நிக்க முடியலை” என்று அவர் தோளில் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்துகொண்டார். ஐயாவு அவர் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தில் ஐயாவுவின் கண் கேமராவைப் பார்க்கவில்லை, தோளில் சாய்ந்தவரைத்தான் பார்த்தது. மெலிண்டா அதையே தன் கைப்பேசியில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

தர்மேந்திரன் துள்ளி எழுந்த வீடியோ வாட்ஸ்அப் குழு ஒன்று விடாமல் சுற்றியது. மூட்டுவலித் தைலம் செய்கிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அழைத்தார். அவரிடம் மெலிண்டா ஒரு பக்கத் தாளைத்தான் கொண்டுபோனாள். அதிலும் பாதி காலியாக இருந்தது. அவர் பேசப் பேச எழுதினாள். இப்போது அவளுக்கு ஐந்து ஒப்பந்தங்கள் இருக்கின்றன. பெட்ரீசியாவுக்கு இன்னும் மகளின் வேலை புரியவில்லை. ஆனால் மூட்டுத் தைலம் இலவசமாக வருவதால் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருஷத்து ஒப்பந்தத்துக்கு முதலில் வந்தவர் ஐயாவுதான். தேநீர்க் கடையில் தர்மேந்திரனும் கூட இருந்தார்.

“போன தடவை மாதிரியே போட்டுரலாமா, அங்கிள்?” என்றாள் மெலிண்டா.

“நாற்காலி வேணாம்,” என்றார் ஐயாவு. சற்றே வெட்கப்பட்டார். “பூட்ஸ் வாங்கிட்டேன். ஒரு பத்து நிமிஷம் ஆடலாமான்னு…”

மெலிண்டா தர்மேந்திரனைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“கோல்கீப்பரா போடு லா,” என்றார் கடைசியில். “எவன் கிட்ட வருவான்?”

மெலிண்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மேசை அதிரச் சிரித்தது ஐயாவுதான். கண்ணில் தண்ணி வரச் சிரித்து முடித்து, கடைக்காரரிடம் இன்னும் மூன்று தேநீர் சொன்னார். பிறகு, கையுறை எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று தர்மேந்திரனிடம் விசாரிக்கத் தொடங்கினார்.